வலப்பக்கம் தேடிய கை

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி பயிற்சி மையத்தில் கேட்டார்கள். மாதிரிக்கு ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். ‘நாற்காலி யோகாவின் பன்னிரண்டு நன்மைகள்’ என்று தலைப்பு. மூட்டு இளகும், முதுகு நிமிரும், தூக்கம் வரும், கோபம் குறையும் என்று வரிசையாகப் போய், பன்னிரண்டாவதாக முகம் பொலிவு பெறும் என்று முடிகிறது. இருபது வருடம் இந்த வேலையைச் செய்த என் முகத்தைப் பார்த்த யாரும் அந்த வரியை அச்சடித்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த நன்மை ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்தவர் எழுந்திருப்பார். அதிலும் ஒருமுறை கோட்டை விட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் தகுதி. உங்களிடம் சான்றிதழ் இருக்கிறது, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்பில் தோற்றவன். ஒன்பதாம் வகுப்பு என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். சூரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்து எழுந்து பார்த்தால் என் இடத்தில் வேறு ஆள் கழுவிக்கொண்டிருந்தான். சரி என்று இன்னும் கொஞ்சம் வடக்கே போனேன். கடைசியில் ஒரு மலையூரில், யோகா மையத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. மூன்று வேளையும் சோறு போட்டார்கள். யோகாவில் எனக்கு ஈடுபாடு வந்தது அப்படித்தான்.

அங்கே ஒரு டீச்சர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தவர், அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வகுப்பெடுப்பார். தலைகீழாக நிற்பவர்களின் வகுப்பில் கூட்டம் நெரியும். இவர் வகுப்புக்கு ஐந்தாறு பேர் வருவார்கள், ஆனால் வந்தவர்கள் போகும்போது வந்ததைவிட நன்றாக நடந்து போவார்கள். துடைப்பானைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று நான் பார்ப்பேன். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார். நான் ஊருக்குக் கிளம்பியபோது ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும், அவர் நாள் முழுக்க எங்கே உட்காருகிறார் என்று முதலில் போய்ப் பார்.”

நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவது கழுத்துக்கு நல்லது. அந்த அறிவுரையால் எனக்கு அப்போது கிடைத்த பலன் அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, ஓரிக்கை போகும் சாலையில் ஒரு சங்கத்துக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தேன். பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்தேன். கை இல்லாத நாற்காலிதான் நமக்கு வேண்டும் என்பது உங்களுக்குப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் கை வைத்த நாற்காலிதான் மரியாதை என்பது நம்மூர்க்காரர்களின் தலையில் இருக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கட்சிக்காரர், முதல் நாளே முறைத்தார்.

“கை இல்லாத சேர்ல நான் உக்கார்றதா? கல்யாணத்துலயே என்னைய முன்வரிசையில சோபா போட்டு உக்கார வெப்பாங்கபா.”

வம்பு எதற்கு என்று கை வைத்ததையே கொடுத்தேன். இடுப்பைத் திருப்பும் பயிற்சியில் பிரமாதமாகத் திரும்பினார். எழுந்தபோது நாற்காலியும் அவரோடு எழுந்தது. பல வருடம் பதவியில் இருந்தவர், நாற்காலி தன்னை விடாததில் அவருக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தோம். அடுத்த வகுப்பில் தானாகவே கை இல்லாததில் போய் உட்கார்ந்தார். நானும் பெரிய ஆசான் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே பல வருடம் ஓடிய பிறகுதான் தேவராஜ் வந்தார்.

தேவராஜ் ஒரு பட்டுக்கடை விற்பனையாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் சீப்பு. வாசல்படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“முட்டி மடங்குது மாஸ்டர். மடங்கினா நிமிர மாட்டேங்குது.”

“டாக்டர்கிட்ட போனியாபா?”

“போனேன். தேய்மானம், தரையில உக்காராதீங்கன்னாரு. என் வேலையே தரையிலதான் சார்னேன். அப்ப வேலைய மாத்திக்கோங்கன்னாரு. சுத்துற சேர்ல உக்காந்துக்கினு சுளுவா சொல்லிட்டாரு.”

நம் ஊர்ப் பட்டுக்கடை உங்களுக்குத் தெரியும். தரையில் மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. விற்பவர் சம்மணம் போட்டு உட்காருவார், வாங்க வந்தவர்கள் எதிரே உட்காருவார்கள். ஒரு புடவை கேட்டால் எழுந்து போய் அடுக்கிலிருந்து எடுத்து வந்து, மறுபடி உட்கார்ந்து விரிக்க வேண்டும். தேவராஜ் இருந்தது சின்னக் கடை, எடுத்துக் கொடுக்கத் தனி ஆள் கிடையாது. முகூர்த்த நாள் நெருங்கினால் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தோம் என்பது முட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் தடுமாறுவதை முதலாளி கவனித்துவிட்டார். “ஆவணி வரைக்கும் பாக்குறேன் தேவராஜு. முடியலன்னா தெருமுனைக்குப் போயிடு. அங்க உக்காரவே வேணாம்” என்று சொல்லியிருந்தார். தெருமுனை வேலை என்றால், வெளியூர்க் கார்கள் வரும்போது குறுக்கே போய்க் கையை ஆட்டி, வாங்க வாங்க என்று கடைக்குக் கூட்டி வருவது. வெயில், ஹாரன், திட்டு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும்.

“சம்பளம் அதேதானே? நின்னுக்கினே இருக்கலாமே, முட்டிக்கு நல்லதுதானே?” என்றேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

தேவராஜ் என்னைப் பார்த்த பார்வையில், கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை.

“எங்க அப்பாரு அடுத்தவங்க நெலத்துல வேல செஞ்சாரு மாஸ்டர். நெலத்துக்காரர் ஊட்டுல அவர ஒரு நாளும் உக்காருன்னு சொன்னதில்ல. நின்னுக்கினே பேசிட்டு வந்துடுவாரு. போன வருஷம் அந்த ஊட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு எடுக்க எங்க கடைக்கு வந்தாங்க. எதிர்க்க எதிர்க்க உக்காந்துக்கினு நான்தான் எடுத்துக் குடுத்தேன். ‘இது வேணாம்மா, உங்க பொண்ணு கலருக்கு எடுக்காது’ன்னு சொன்னேன், கேட்டுக்கினாங்க. அந்த மெத்தைய உட்டுட்டு நான் ரோட்ல நின்னு கைய ஆட்டணுமா?”

அதற்குப் பிறகு நான் நன்மைகளைப் பற்றிப் பேசவில்லை. “நாளைக்கு வா” என்றேன்.

பயிற்சி விவரங்களை விட்டுவிடுகிறேன், உங்கள் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கின்றன. மெதுவாகத் தொடங்கி, வலிக்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்தி, மூச்சை விட்டபடி எழ வேண்டும். ஒரு மாதத்தில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார். பிறகு தரைக்கு இறக்கினேன். பாய் விரித்து உட்கார வைத்து, வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டேன். வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து, முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டு, எழ வேண்டும். தினமும் இருபது தடவை. இரண்டாவது மாத முடிவில் தேவராஜ் எழுவதைப் பார்த்து மற்றவர்கள் கைதட்டினார்கள். கட்சிக்காரப் பெரியவர் ஒரு துண்டுகூடப் போர்த்தினார், அவருக்கு வேறு பாராட்டு தெரியாது.

“கடையில ஒரு ஸ்டூல் கேட்டுப் பாரேன்” என்றேன்.

“கேட்டேன் மாஸ்டர். சேரெல்லாம் கஸ்டமருக்குபா, நீ உக்காந்தா கடை லீவுன்னு நெனச்சிக்குவாங்கன்னுட்டாரு.”

“பரவாயில்ல, உனக்குத்தான் இப்ப காலு வந்துடுச்சே” என்று நானே அவருக்குத் தேர்ச்சி வழங்கினேன். கடை என் வகுப்பிலிருந்து நடந்து போகும் தூரம். இரண்டு மாதத்தில் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், வேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வருவதாகச் சொன்னார் தேவராஜ். முதலாளியும் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். “நீங்களும் வந்து ஒரு பக்கமா இருங்க மாஸ்டர். தைரியமா இருக்கும்” என்றார். என் மாணவனின் வெற்றியைக் கண்ணால் பார்க்கப் போகிறேன் என்று நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

முதலாளி என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து, “பெரியவருக்குச் சேர் போடு” என்றார். குஷன் வைத்த இரும்பு நாற்காலி, கை இல்லாதது. மெத்தையோரம், தான் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தேவராஜே போட்டார். ஜம்மென்று உட்கார்ந்தேன். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாருமாகப் பதினைந்து பேர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே போனது. தேவராஜ் விரிப்புத் துணியில் கையை ஊன்றி எழுந்தார், எடுத்து வந்தார், உட்கார்ந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னொரு புடவை விரிந்தது. வேண்டாம் என்றதை யாரும் மடிக்க விடவில்லை, “இருக்கட்டும்பா, அப்புறம் பாக்கலாம்” என்றார்கள். அரை மணியில் அவர் முன்னால், வலப்பக்கம், இடப்பக்கம், முட்டியை ஒட்டி, எங்கும் பட்டு. வெள்ளை விரிப்பு ஒரு சாண்கூடத் தெரியவில்லை.

அப்போது பெண்ணின் அம்மா கையை நீட்டினார். “அந்த மேல் அடுக்குல அரக்குல பச்சை பார்டர் இருக்குதே, அத எடுங்க.”

தேவராஜ் முன்னால் சாய்ந்தார். வலது கை தானாக வலப்பக்கம் போனது, தொடை உயரத்துக்கு எழுந்து காற்றில் நின்றது. அது எதைத் தேடுகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வகுப்பு நாற்காலியைத் தேடியது. ஒரு மாதம், தினம் இருபது தடவை நான் பழக்கிய கை. நாற்காலி அங்கே இல்லாததால் கீழே இறங்கியது. கீழே சரிகை. முகூர்த்தப் பட்டின் சரிகை மேல் ஒரு ஆளின் பாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று முப்பது வருட விற்பனையாளருக்குச் சொல்லித்தர வேண்டாம். கையை எடுத்துக்கொண்டார். மறுபடி முன்னால் சாய்ந்தார். எழ முடியவில்லை.

“என்னாங்க, அது இல்லையா?” என்றார் பெண்ணின் அம்மா.

“இருக்குதும்மா, இதோ” என்றார் தேவராஜ். நெற்றியில் வேர்வை, உதட்டில் சிரிப்பு. முதலாளி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டினார்.

ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் ஆளைத் தீர்த்துக்கட்டுவது நம் தொழிலில் சகஜம். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருந்தால், மறுநாள் காலையில் அவர் தெருமுனையில் நின்றிருப்பார். ஒரு மூச்சு விட்டேன். அடுத்தவர்களுக்குச் சொல்லியே பழகிய எனக்கு, அன்றுதான் அது வேலை செய்யும் என்று தெரிந்தது.

“இந்தச் சேரு எனக்கு ஒத்துவரல” என்று உரக்கச் சொன்னேன். “முதுகுல குத்துது. நான் மெத்தையிலயே உக்கார்றேன். அம்மா, அந்தப் புடவைய கொஞ்சம் எடுத்துக்கோங்க, சேரு பட்டுடப் போவுது.” ஒரு அம்மாள் அவசரமாகப் புடவையைச் சுருட்டித் தூக்கினார். காலியான இடத்தில் நாற்காலியைத் தள்ளினேன். தேவராஜின் வலப்பக்கம், சரியாக ஒரு முழம். “தம்பி, இத அப்பால எடுத்து வெச்சிடுபா” என்று தேவராஜிடம் சொல்லிவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன்.

தேவராஜ் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு உள்ளங்கையை நாற்காலி மேல் வைத்தார், முன்னால் சாய்ந்தார், மூச்சை விட்டார், எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அப்படியே அடுக்குக்குப் போய் அரக்குப் புடவையை எடுத்து வந்தார். பார்த்தவர்களுக்கு, ஒரு பெரியவர் சொன்னதற்காகத் தானே எழுந்து நாற்காலியை எடுத்து வைத்த மரியாதையான விற்பனையாளர்.

“சொல்லியிருந்தா நானே எடுத்து வெச்சிருப்பேனே தேவராஜு” என்றார் முதலாளி. அதோடு கழுத்து உள்ளே போய்விட்டது. அதன்பின் தேவராஜ் வேண்டாத புடவைகளை உடனுக்குடன் மடித்து, கைக்கு ஒரு சாண் விரிப்பை மீட்டு வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நான் ஒரு மகான். ஆனால் தரையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நாற்காலி யோகா சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து நான் தரையில் உட்காரவே இல்லை. சாப்பாடு நாற்காலியில், வகுப்பு நாற்காலியில், வழியனுப்புவதும் நாற்காலியில். மெல்ல ஒருமுறை எழப் பார்த்தேன். முட்டி சம்மதிக்கவில்லை.

ஆகவே இரண்டு மணி நேரம் கல்யாணக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என்னைக் கேட்காமல் ஒரு புடவையும் எடுக்கவில்லை. மயில்கழுத்து நிறத்தை நான் வேண்டாம் என்றேன், உடனே மடித்து வைத்தார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

அவர்கள் கிளம்பியதும் தேவராஜ் அதே நாற்காலியைக் கொண்டுவந்து என் வலப்பக்கம் போட்டார்.

“கைய வைங்க மாஸ்டர். முன்னால சாயுங்க. மூச்ச அடக்காதீங்க, விட்டுக்கினே எழுந்திரிங்க. அவசரம் இல்ல.”

என் குரல், என் சொற்கள். கேட்கச் சகிக்கவில்லை. எழுந்தேன்.

வெளியே வந்ததும், “இன்னைக்கு நீங்க இருந்தீங்க. நாளைக்கு?” என்று கேட்டார். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய், அவர் உட்காரும் இடத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். மெத்தை எவ்வளவு உயரம், எவ்வளவு அமுங்குகிறது, அடுக்கு எந்தப் பக்கம், கைக்கு என்ன இருக்கிறது. கைக்கு ஒன்றுமே இல்லை. மலையூர் டீச்சர் சொன்ன ஒற்றை வரியைச் செய்து முடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆனது.

அன்றிலிருந்து வகுப்பை மாற்றினேன். நாற்காலியை வலப்பக்கத்திலிருந்து அகற்றிவிட்டு, தேவராஜைச் சுற்றிலும் பழைய செய்தித்தாள்களை விரித்தேன். தாள் கசங்கினால் புடவை போனது என்று அர்த்தம். மறுபடி நாற்காலியிலிருந்தே தொடங்கினோம். பிறகு குட்டை ஸ்டூல், பிறகு மடித்த மெத்தை, பிறகு ஒற்றை மெத்தை என்று வாரத்துக்கு ஒரு படி இறங்கினோம். ஒரு காலைப் பின்னால் மடித்து, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, கையைத் தன் தொடை மேலேயே வைத்து எழுவது. அவர் தொடை எங்கும் போகாது, எந்தக் கடையிலும் இருக்கும். எத்தனையோ தாள் கசங்கியது. கட்சிக்காரப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “போச்சு, இன்னொரு பட்டு போச்சு” என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். இடையில் மூன்று நாள் முட்டி வீங்கி வரவில்லை, நான் அவசரப்படுத்தியதால் வந்த வீக்கம். அந்த வாரம் ஒரு படி மேலே ஏற்றினேன். வலி முழுதும் போய்விடவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. துண்டறிக்கையில் அதைப் போட மாட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாற்காலியைப் போடுவது சுலபம். எடுப்பதுதான் வேலை. அதை எப்போது எடுப்பது என்று உங்கள் கூடத்துக்குள் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. அவர் எழ வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே அவர் கைக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சான்றிதழை மாட்டுவதற்கு ஆணி அடித்தது போக மீதமிருக்கும் நேரத்தில் செய்தால் போதும்.

தை பிறந்து ஒருநாள் அந்தக் கடைப் பக்கம் போனேன். முதலாளிக்கு என்னை நினைவிருந்தது, இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் அல்லவா. “ஐயாவுக்குச் சேர் போடு” என்றார்.

மெத்தையில் தேவராஜ், சுற்றிலும் பட்டு. என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தன் தொடையில் வைத்து, மூச்சை விட்டு, எழுந்தார். ஒரு புடவைகூடக் கசங்கவில்லை. எதிரே கிடந்த இரண்டு புடவைகளை எடுத்து வெள்ளை விரிப்பில் இடம் செய்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“சேரா, மெத்தையா சார்?” என்றார், யாரோ எவரோ போல.

“மெத்தைதான்.”

“உக்காருங்க” என்றவர், முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “எழுந்திரிக்கும்போது புடவை மேல கைய வெச்சீங்க, நீங்களேதான் வாங்கிக்கணும் மாஸ்டர்.”

நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.